விமானத்துக்குக் கீழே குடியிருப்பவர்களின் கேள்விகள்
(சென்னை மீனம்பாக்கம் விமான நிலையச் சுற்றுவட்டாரத்தில் ஒலி அளவெடுக்கும் பொறியாளர் பதில் சொல்கிறார்)

கே: பொழிச்சலூரில் சில மாதம் விமானங்கள் எங்கள் தலைமேல் இறங்குகின்றன, சில மாதம் ஏறுகின்றன. ஏன் ஐயா?

ப: காற்றுதான். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். வடகிழக்குக் காற்று அடித்தால் மேற்கிலிருந்து உங்கள் வழியாக இறங்கும். தென்மேற்குக் காற்றில் உங்கள் பக்கம் ஏறும். வீடு பார்ப்பவர்கள் தையில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை, இரவு பதினொரு மணிக்குப் போய் நில்லுங்கள். தரகர் மதியம்தான் கூட்டிப்போவார்.

கே: சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

ப: வேண்டாம். அது அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் சற்றுக் குறைக்கும். வெளிச்சத்தம் ஜன்னல் இடுக்கில் நுழைகிறது. அங்கே ரப்பர் பட்டை வையுங்கள்.

கே: இருபது வருடமாக இருக்கிறோம், பழகிவிட்டது. காதில் கருவி வைத்திருக்கும் எண்பது வயது அப்பாவும் நன்றாகத் தூங்குகிறார். வீண் பயம் எதற்கு?

ப: அப்பா இரவில் கருவியைக் கழற்றிவிட்டுத்தானே தூங்குகிறார்? அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. உங்களைப் பற்றிப் பேசுவோம். பழகுவது மனம், உடம்பு அவ்வளவு எளிதில் பழகாது. விழிக்காமல் தூங்குபவருக்கும் விமானம் கடக்கும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் இரவு விமானச் சத்தம் சராசரி 40 டெசிபலுக்குள் இருக்கச் சொன்னது. அதே ஆண்டு நம் நாட்டில் பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றி வகுத்த இரவு வரம்பு 65. அளக்கும் முறை கொஞ்சம் வேறுதான். ஆனாலும் 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இருமடங்காகத் தோன்றும்.

கே: பிள்ளைகளாவது பழகிக்கொள்வார்கள் அல்லவா? (மீண்டும் அதே வாசகர்)

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. 1992இல் மியூனிக் விமான நிலையம் ஊருக்கு வெளியே இடம் மாறியது. பழைய இடத்துப் பிள்ளைகள் வாசிப்பிலும் நினைவாற்றலிலும் தேறினார்கள். புதிய இடத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பழகியிருந்தால் தேற என்ன இருந்தது? உங்கள் பகுதிப் பள்ளியில் பத்து நிமிடம் உட்காருங்கள். விமானம் வந்ததும் ஆசிரியை பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், சாக்பீஸ் கையிலேயே இருக்கும். சத்தம் போனதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வார்.

கே: விமானப் புகையால் ஆஸ்துமா வருமா?

ப: நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். என் துறை சத்தம்.

கே: முட்டை அட்டைக்குப் பதில் தெர்மாகோல்?

ப: மேலே முட்டை அட்டைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: கனமான போர்வையைச் சுவரில் தொங்கவிட்டால்?

ப: ஜன்னல், அம்மா. ஜன்னல்.