மெடிக்கல் ஃபிசிக்ஸ்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கதிர்வீச்சு சிகிச்சையில் மெஷினையும் டோஸையும் அளந்து சரிபார்ப்பவர்தான் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, அந்தப் படிப்பில் சேரப் போகிறவர்கள் எழுதியவை. மீதி, எம்.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவர்கள் எழுதியவை. இரண்டாவது வகைதான் என்னை வருத்துகிறது. சேருமுன் கேட்டிருக்க வேண்டியதை முடித்த பிறகு கேட்கிறார்கள்.

கே: பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸ் தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்?
— மாணவி, நாகர்கோவில்

கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், வேலூர் சிஎம்சி, கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். வேறு இடங்களும் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இந்தப் பட்டத்தை ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் தகுதியாக ஏற்கிறதா? ஒரு வருட இன்டர்ன்ஷிப் எங்கே? "அதெல்லாம் ஏற்பாடு செய்து தருவோம்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். எந்த மருத்துவமனை, எத்தனை இடம் என்று எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் முடித்த சீனியர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். அவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள் என்பதை வைத்தே அந்தத் துறையை எடை போட்டுவிடலாம்.

கே: பி.இ. பயோமெடிக்கல் முடித்திருக்கிறேன். நான் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் ஆகலாமா?
— பொறியாளர், சேலம்

கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் ஆக முடியாது. இயற்பியலை முக்கியப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம் அடிப்படையாக இருக்க வேண்டும். லினாக் (கதிர்வீச்சு சிகிச்சை மெஷின்) கம்பெனிகளில் சர்வீஸ் இன்ஜினியர், அப்ளிகேஷன்ஸ் வேலைகள் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அந்தப் பக்கம் பாருங்கள்.

கே: பி.எஸ்சி. ரேடியோகிராஃபி படித்த எனக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸில் இடம் தருகிறது. சேரட்டுமா?
— டெக்னாலஜிஸ்ட், மதுரை

பல்கலைக்கழகம் இடம் தருவது வேறு, ஏஇஆர்பி தகுதியை ஏற்பது வேறு. அடிப்படைப் பட்டத்தில் இயற்பியல் முக்கியப் பாடமாக இல்லையென்றால், எம்.எஸ்சி.யில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் நாளைக்கு மெடிக்கல் ஃபிசிசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது. உங்கள் மார்க்ஷீட்டை வைத்துக்கொண்டு ஏஇஆர்பிக்கே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கே: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன். டிப்.ஆர்.பி. (கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ) நல்லதா, மறுபடி இரண்டு வருடம் எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸ் படிப்பது நல்லதா?
— திருச்சி வாசகர்

டிப்.ஆர்.பி. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962லிருந்து நடத்தும் படிப்பு, ஒரே வருடம். நாட்டின் மூத்த ஃபிசிசிஸ்டுகளில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள். இடம் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். அதனால் டிப்.ஆர்.பி.யை மட்டும் நம்பி ஒரு வருடத்தை வீணாக்காமல் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். எது கிடைத்தாலும் அதற்குப் பிறகு பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) மூன்றாம் நிலைத் தேர்வு.

கே: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், வருடக் கடைசியில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்கள். மற்ற நாட்களில் கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். சேரலாமா?
— எம்.எஸ்சி. முடித்தவர், ஈரோடு

சேரக் கூடாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி மாதாமாதம் வருகிறது.

புதிதாக வேலைக்கு வருபவர்களை நான் கேள்வி கேட்டுச் சோதிப்பதில்லை. பங்கருக்கு, அதாவது மெஷின் இருக்கும் அறைக்கு, அழைத்துப் போய், "இன்றைய அவுட்புட்டை அளந்து காட்டுங்கள்" என்பேன். அவுட்புட் என்றால் மெஷின் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவு. கொஞ்ச காலம் முன்பு கோவைப் பக்கம் நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு பையன் வந்தான். லாக்புக்கில் பன்னிரண்டு மாதத்துக்கும் கையெழுத்து இருந்தது. வாட்டர் ஃபேண்டத்தை (உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டி) மேசையில் ஏற்றினான், பத்துக்குப் பத்து ஃபீல்டு வைத்தான், கதிர்வீச்சை அளக்கும் சேம்பரைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தினான். அதுவரை சரி. தண்ணீர் அப்போதுதான் குழாயிலிருந்து பிடித்தது. அறை வெப்பநிலைக்கு வரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. அடுத்து, காற்றழுத்தம் வேண்டும். பாரோமீட்டர் அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, வானிலை ஆப்பைத் திறந்து, 1011 என்று எழுதிக்கொண்டான்.

ஆப் காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அறையில் இருக்கும் உண்மையான அழுத்தம் 965 ஹெக்டோபாஸ்கல் பக்கம். இந்த ஒரு எண் மாறியதில் சேம்பரில் உள்ள காற்றின் வெப்பநிலை, அழுத்தத்துக்கான கேடிபி திருத்தம் ஐந்து சதவீதம் போலக் குறைந்துவிடும். மெஷின் சரியாகத்தான் கொடுக்கிறது, ஆனால் கணக்கில் அவுட்புட் ஐந்து சதவீதம் குறைவாகத் தெரியும். "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "அவுட்புட்டை ஏற்றி அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்" என்றான்.

அதைச் செய்திருந்தால் அடுத்த நாள் காலையிலிருந்து அந்த மெஷினில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து சதவீதம் கூடுதல் டோஸ். தொண்டைப் புற்றுநோய்க்கு 70 கிரே (டோஸின் அலகு) வாங்கும் நோயாளிக்கு மூன்றரை கிரே அதிகம். அவருக்கு வாய்ப்புண் அதிகமாகும், எச்சில் விழுங்க முடியாமல் தவிப்பார். சிகிச்சையே அப்படித்தான் என்று அவரும் நினைப்பார், டாக்டரும் நினைக்கலாம். மெஷினில் ஒரு விளக்குகூட எரியாது. அந்த எண்ணை நம்பித்தான் மற்ற எல்லாமே நடக்கிறது.

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் வருடம் முழுக்கச் சேம்பரை அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஃபைல் அடுக்கவும், நோயாளிகளுக்குப் போன் செய்து நேரம் சொல்லவும், இன்ஷூரன்ஸ் பேப்பர் தயார் செய்யவும் வைத்திருந்திருக்கிறார்கள். உதவித்தொகை கொடுக்காதது மட்டுமா, இன்டர்னிடமே பணம் வாங்கும் இடங்கள்கூட இருக்கின்றன. இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்த பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் இது. நாளை அவர்களிடம் சிகிச்சைக்கு வரப்போகிறவர்களுக்குச் செய்யும் அநியாயமும்தான். பன்னிரண்டு மாதம் என்று விதியில் போட்டிருப்பது சான்றிதழுக்காக இல்லை. பிரேக்கிதெரபியில் (உடலுக்குள் கதிர் சோர்ஸை வைத்துச் செய்யும் சிகிச்சை) பயன்படும் இரிடியம்-192இன் அரை ஆயுள் 74 நாள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரேக்கிதெரபி சோர்ஸ் மாற்றுவார்கள். ஒரு வருடம் முழுதாக இருந்தால்தான் மூன்று முறையாவது அதை உடனிருந்து பார்த்து, வெல் சேம்பரில் நீங்களே அளந்து, சப்ளையர் கொடுத்த எண்ணோடு ஒப்பிட முடியும். மாதாந்திர கியூஏ (தரச் சோதனை) பன்னிரண்டு முறை, தினசரி கியூஏ இருநூறு முறைக்கு மேல், ஐஎம்ஆர்டி (கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் செறிவை மாற்றிக் கொடுக்கும் சிகிச்சை) நோயாளி ஒவ்வொருவருக்கும் பிளான் சரிபார்ப்பு என்று எல்லாம் கைப்பழக்கத்தில் வருவது. வாரம் இரண்டு நாளில் வராது.

மெஷினும் பிரேக்கிதெரபியும் இருக்கிற இடமா, முழு நேர ஃபிசிசிஸ்டுகள் எத்தனை பேர், இன்டர்ன் கையால் அளக்க விடுவார்களா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

கே: என் மகள் இந்தப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். கல்யாணம் ஆக வேண்டிய பெண். கதிர்வீச்சில் வேலை பார்த்தால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, பயம் வேண்டாம். கதிர்வீச்சு வேலை செய்பவர்களுக்கு நம் நாட்டில் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லி சீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கும் லினாக் துறையில் ஃபிசிசிஸ்டுகள் அணியும், வாங்கிய கதிரைப் பதியும் பேட்ஜில் வருவது அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோருக்கும் இயற்கையாக வந்து சேர்வதே உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லி சீவெர்ட். லினாக்கை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும், அறைக்கு வெளியே கனமான கான்கிரீட் சுவர் இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் துறையில் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு குழந்தைக்கான வரம்பு 1 மில்லி சீவெர்ட், வேலையை அதற்கேற்ப மாற்றிக் கொடுப்பார்கள். என்னோடு வேலை பார்த்த பெண்கள் பலர் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு டியூட்டிக்கு வருகிறார்கள்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: டிஎல்டி பேட்ஜை நெஞ்சில் போட வேண்டும். கோட்டோடு கழற்றிச் சிகிச்சை அறையில் மாட்டிவிட்டுப் போகக் கூடாது. அப்படி மறந்துபோன பேட்ஜ் ஒன்றுக்காக, மூன்று மாதம் கழித்து நாங்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறோம்.

கே: ஃபுல் டீடெயில்ஸ் அனுப்பவும்.
— பெயர், ஊர் இல்லை

என்ன படித்திருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். பதில் எழுத எனக்கு நேரம் இருக்கிறது. கேள்வியையும் நானே யோசித்து எழுத நேரமில்லை.

கே: இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டு நேராக அமெரிக்கா போய் வேலை பார்க்க முடியுமா?
— மாணவர், சென்னை

நேராக முடியாது. அங்கே ஏபிஆர் (அமெரிக்கக் கதிரியக்க வாரியம்) சான்று இல்லாமல் மருத்துவமனையில் முழு ஃபிசிசிஸ்டாக வேலை கிடைப்பது கடினம். அதன் முதல் தேர்வு எழுத 2012லிருந்து கேம்பெப் (மெடிக்கல் ஃபிசிக்ஸ் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பு கேட்கிறார்கள். இரண்டாம் தேர்வுக்கு 2014லிருந்து கேம்பெப் அங்கீகரித்த ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) வேண்டும், அது இரண்டு வருடம். ஆகவே பலர் அங்கே போய் மறுபடி முதுநிலையோ பிஎச்.டி.யோ படிக்கிறார்கள். வேறு இயற்பியலில் பிஎச்.டி. செய்தவர்கள் கேம்பெப் சர்டிஃபிகேட் படிப்பு முடித்து உள்ளே வருவதும் உண்டு. ரெசிடென்சிதான் கழுத்தைப் பிடிக்கும் இடம். விண்ணப்பங்கள் அதிகம், இடங்கள் குறைவு. எங்கே படிக்கப் போகிறீர்களோ அங்கேயும் அதே கேள்வியைக் கேளுங்கள்: போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது? கடன் வாங்கிப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் போகவே கூடாது.

கே: பிஎச்.டி. இருந்தால் இன்டர்ன்ஷிப் தேவையில்லைதானே?
— ஆய்வு மாணவர், கோவை

தேவை.

கே: பௌதிகவியல் சிறப்புப் பட்டம் பெற்றவள். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் துறைக்கு வர என்ன வழி?
— வாசகி, யாழ்ப்பாணம்

பேராதனையிலும் கொழும்பிலும் மருத்துவ பௌதிகவியலில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். இத்தாலியின் த்ரியெஸ்தே நகரில் ஐசிடிபி என்ற சர்வதேச இயற்பியல் மையமும் அந்நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014லிருந்து இரண்டு வருடப் படிப்பு ஒன்றை நடத்துகின்றன. வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்காகவே தொடங்கியது. முதல் வருடம் பாடம், இரண்டாம் வருடம் மருத்துவமனையில் பயிற்சி. இன்டர்ன்ஷிப்பைப் படிப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதால் எனக்கு அந்தப் படிப்பின் மேல் தனி மதிப்பு உண்டு. உதவித்தொகைக்குப் போட்டி பலமாக இருக்கும், ஆனாலும் விண்ணப்பியுங்கள்.

கே: கான்டூரிங் (ஸ்கேனில் கட்டியையும் உறுப்புகளையும் வரைவது), பிளானிங் எல்லாம் ஏஐ செய்துவிடுகிறதாமே. இந்தப் படிப்பில் இனி சேரலாமா?
— விருதுநகர் வாசகர்

சேரலாம். பிளானிங் வேகமாகிவிட்டது உண்மை. முன்பு அரை நாள் எடுத்த பிளான் இப்போது அரை மணியில் வருகிறது. ஆனால் அந்த பிளானை மெஷின் அப்படியே கொடுக்கிறதா என்று யாராவது அளந்து பார்த்தாக வேண்டும். மேலே சொன்ன பையன் கதையில் தப்பு நடந்த இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அங்கே எந்த மென்பொருளும் குறுக்கே வரவில்லை. தப்பான அழுத்தத்தை உள்ளே கொடுத்தால் ஏஐயும் அதை வைத்துத்தான் கணக்குப் போடும்.

கே: புரோட்டான் சிகிச்சையில் நேரடியாக வேலைக்குச் சேர முடியுமா?
— மாணவர், புதுச்சேரி

சென்னை தரமணியில் 2019இல் தொடங்கியது, நவி மும்பையில் டாடா மெமோரியலும் தொடங்கிவிட்டது. ஆக, நாட்டில் விரல் விட்டு எண்ணும் இடங்கள். முதலில் லினாக்கில் நான்கைந்து வருடம் கை பழகட்டும்.

கே: நான் ஒரு மருத்துவமனையில் ஃபிசிசிஸ்ட், ஆர்எஸ்ஓவும் நானே. பக்கத்து ஊரில் புதிதாக மெஷின் போடுகிறார்கள். "உங்கள் பெயர் மட்டும் கொடுங்கள், மாதம் ஒரு தொகை தருகிறோம், வர வேண்டியதில்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட வேண்டாம் என்றவர்

மறுத்துவிடுங்கள், இன்றைக்கே. நீங்கள் இல்லாத அறையில் இன்டர்லாக் (கதவு திறந்தால் கதிரை நிறுத்தும் அமைப்பு) வேலை செய்யாமல் போனால், சர்வே மீட்டர் பேட்டரி தீர்ந்து கிடந்தால், பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கும். அதைவிட முக்கியம், அங்கே அவுட்புட் அளக்க ஆளே இருக்காது. அவர்களுக்கு ஃபிசிசிஸ்ட் தேவை என்றால் இன்டர்ன்ஷிப் முடித்து வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு வாராவாரம் அவர்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முழு நேரமாக, ஒழுங்கான சம்பளத்துக்கு, ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.