கார் மெக்கானிக் மகன் விமான ஹேங்கருக்குப் போக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்

டர்பனில் பீனிக்ஸ் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 25 வயது. கார் டீலர் ஒருவரின் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ட்ரேட் டெஸ்ட் தேறி, ரெட் சீல் எனும் தொழில் சான்றிதழ் வாங்கிவிட்டான். இப்போது விமானப் பராமரிப்புக்கு மாற வேண்டும் என்று நிற்கிறான். மாதாமாதம் வரும் சம்பளம் போய்விடுமே என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. ஜோஹன்னஸ்பர்க் பெரியப்பா வேறு, "போறதுன்னா ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் டிகிரிக்குப் போகட்டும், இல்லேன்னா பைலட் ஆகட்டும். மறுபடியும் கிரீஸ் கையோட நிக்கிறதுக்கா இவ்வளவு பாடு?" என்கிறாராம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறார். செலவுக்கு வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது அடமானக் கடன், எடுக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது அந்த பாண்ட் ஒன்றுதான். தம்பியின் ஆசையில் தவறே இல்லை. அதற்குப் பெரியப்பா காட்டும் வழிதான் தவறு.

டிகிரியை முதலில் பார்ப்போம். விட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் இருக்கிறது, நல்ல படிப்பு. அதைப் படித்தவர் இறக்கையின் பளுவைக் கணக்கிடுவார், வடிவமைப்பார். ஹேங்கரில் பழுது பார்த்து முடித்த விமானத்தை "பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்திட்டு வெளியே விட அந்தப் பட்டம் போதாது. அதற்குத் தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் ஆணையம் விதிகளின் பாகம் 66-இன் கீழ் தரும் லைசென்ஸ் வேண்டும். உலக அளவிலான அடிப்படை விதியே விமானத்தில் 4 ஆண்டு கைவேலை அனுபவம் கேட்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் படிப்பை முடித்தவருக்கு அது 2 ஆண்டாகக் குறையும், அவ்வளவுதான். ஆக, வெளிநாட்டில் கட்டணம் கட்டி சர்ட்டிபிகேட்டோடு திரும்பி வந்தாலும், யாராவது ஒரு ஹேங்கரின் கதவைத் தட்டி, "என்னை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், அனுபவம் வேண்டும்" என்றுதான் நிற்க வேண்டும். அந்தக் கதவை இன்றைக்கே தட்டலாமே. பாண்ட் எதற்கு?

பைலட் படிப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தம்பி அதைக் கேட்கவே இல்லை.

பெரிய ஏர்லைன்களின் அப்ரென்டிஸ் சேர்க்கை, விமானப்படை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த வழிகள். இடம் குறைவு, கூட்டம் அதிகம், வயது வரம்பும் குறுக்கே நிற்கலாம். விளம்பரம் வந்தால் விண்ணப்பம் போடட்டும், காத்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டாம்.

நம் குடும்பங்கள் திரும்பியே பார்க்காத ஒரு வழி இருக்கிறது. சிறிய விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பராமரிக்கும் சின்ன ஹேங்கர்கள். பாகம் 145-இன் கீழ் ஒப்புதல் பெற்ற இந்த நிறுவனங்களைத் தொழிலில் இருப்பவர்கள் ஏ.எம்.ஓ. என்பார்கள். டர்பன் நார்த்தில் வர்ஜீனியா ஏர்போர்ட், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரிபி, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ராண்ட், லான்சீரியா, பிரிட்டோரியாவில் வொண்டர்பூம் என்று இந்தச் சின்ன விமானங்கள் கூடும் இடங்களில் தேட வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னா, பைப்பர் விமானங்கள், ராபின்சன் ஹெலிகாப்டர்கள், கரும்புக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் என்று இவற்றுக்கெல்லாம் வேலை தீர்வதே இல்லை. 100 மணி நேரம் பறந்தாலோ ஒரு வருடம் ஆனாலோ எம்.பி.ஐ. எனும் கட்டாயச் சோதனைக்கு உள்ளே வந்தாக வேண்டும். ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரை 2,200 மணி நேரத்திலோ 12 ஆண்டிலோ, எது முந்துகிறதோ அப்போது, முழுக்கப் பிரித்துச் சேர்க்க வேண்டும்.

பெரிய ஏர்லைனில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தவன் மாதக்கணக்கில் ஒரே பகுதியில் நிற்க நேரலாம். சின்ன ஹேங்கரில் திங்கட்கிழமை பிரேக், செவ்வாய்க்கிழமை மேக்னெட்டோ, புதன்கிழமை கன்ட்ரோல் கேபிள். கார் மெக்கானிக்கின் கை அங்கே முதல் நாளே பயன்படும். செஸ்னா 172-இல் இருக்கும் லைக்கமிங் இன்ஜின் காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின்தான். ஆர்44-இல் இன்ஜினின் சுழற்சி ரோட்டருக்குப் போவதே வி-பெல்ட் வழியாகத்தான்.

ஒரு வேலையை மட்டும் கிட்ட வைத்துக் காட்டுகிறேன், தம்பிக்கு உடனே புரியும். சிலிண்டர் கம்ப்ரெஷன் சோதனை. வொர்க்‌ஷாப்பில் லீக்-டவுன் டெஸ்டர் பிடித்தவனுக்கு இது பழகியதுதான். இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை மேல் உச்சத்துக்குக் கொண்டுவந்து, 80 பி.எஸ்.ஐ. காற்றை உள்ளே விடுவார்கள். இரண்டாவது கேஜ் 74 காட்டினால் 74/80 என்று எழுதுவார்கள். எண் குறைந்தால் காதை வைத்துக் கேட்க வேண்டும். எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், காற்று உள்ளே இழுக்கும் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. இதுவரை கார் மாதிரியேதான். வேறுபாடு எங்கே என்றால், லைக்கமிங் ஓ-360 இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 5.125 அங்குலம். 80 பி.எஸ்.ஐ. அதன்மேல் அழுத்தினால் கிட்டத்தட்ட 750 கிலோ பாரம். பிஸ்டன் உச்சத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் புரொப்பெல்லர் சட்டென்று சுழன்றுவிடும். அதனால் ஒருவர் பிளேடைப் பிடித்திருக்க, இன்னொருவர் காற்றை மெதுவாக ஏற்றுவார். தனியாகச் செய்யும் வேலையில்லை இது.

மேக்னெட்டோவும் அப்படித்தான். இன்றைய கார் மெக்கானிக் கையில் அது வந்திருக்கவே வாய்ப்பில்லை. பேட்டரி இல்லாமலே பொறி தரும். அதை எர்த் செய்யும் வயர் அறுந்துபோனால், சாவியை அணைத்த பிறகும், புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் இன்ஜின் கிளம்பிவிடும். பிளேடு எப்போதும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்தே அதன் பக்கத்தில் நிற்கப் பழக வேண்டும்.

கார் வேலையிலிருந்து வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கைத்திறனில் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. பல வருடம் கைக்கணக்கில் வேலை செய்து பழகியதுதான் இடிக்கும். முறுக்கு விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்காமல் "போதும்" என்று முறுக்குவது, கழற்றிய லாக் நட்டைத் திரும்பவும் போடுவது, கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பூசுவது, அதே சைஸில் கிடைத்த போல்ட்டைப் போடுவது. ஹேங்கரில் இவை ஒவ்வொன்றும் வேலையை விட்டு அனுப்பக் காரணமாகும். ஃபைபர் லாக் நட் கைவிரலாலேயே முழுசாக ஏறிவிட்டால் அது குப்பைக்கு. நட் சும்மா சுற்றும்போதே எவ்வளவு டார்க் எடுக்கிறது என்று அளந்து, அதையும் மேனுவல் சொல்லும் டார்க்கோடு கூட்ட வேண்டும். போல்ட் தளராமல் கட்டும் 0.8 மில்லிமீட்டர் லாக் வயரை அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு வருமாறு பின்ன வேண்டும், அது போல்ட்டை இறுகும் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். மாறிப்போனால் அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் பின்ன வேண்டும்.

"அதே மாதிரி இருக்கிற போல்ட்" என்ன செய்யும் என்பதற்கு இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் உண்டு. 1990 ஜூன் 10, பர்மிங்ஹாமிலிருந்து மலாகா போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பறக்கும்போதே விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, கேப்டனின் உடம்பு பாதி வெளியே இழுக்கப்பட்டது. அவர் உயிர் பிழைத்தது அதிசயம். புறப்படுவதற்கு ஏறக்குறைய 27 மணி நேரம் முன்பு கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். பாகங்களின் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்க்கவில்லை. 90 போல்ட்டில் 84 தேவைக்கு மெலிந்தவை. அவருக்கு அனுபவம் நிறையவே இருந்தது. தம்பி இந்த விபத்தின் அறிக்கையைப் படிக்கட்டும்.

ஏனென்றால் இந்த வேலையில் பாதி, படிப்பதும் எழுதுவதும். ஒவ்வொரு பாகமும் வெளியீட்டுச் சான்றிதழோடு வர வேண்டும், ஒவ்வொரு படியும் வேலைச் சீட்டில் கையெழுத்தாக வேண்டும், கன்ட்ரோல் கேபிளைத் தொட்டால் இரண்டாவது ஆள் தனியாகச் சோதிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் புத்தகம் பிடிக்காமல்தான் அவன் மெக்கானிக் ஆனான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பொறுத்தவரை எனக்கு யோசனையாக இருப்பது அது ஒன்றுதான். லைசென்ஸ் பரீட்சையில் விமானச் சட்டம், அடிப்படை அறிவியல், விமானப் பொறியியல், பராமரிப்பு, மனிதத் தவறுகள் எல்லாம் வரும். ஒரு லைக்கமிங் இன்ஜின் மேனுவலை எடுத்து இரண்டு வாரம் மாலையில் உட்கார்ந்து படிக்கட்டும். ஆர்வம் பற்றிக்கொண்டால் மேலே போகலாம். கொட்டாவி வந்தால், காரிலேயே டயக்னோஸ்டிக்ஸ் பக்கம் வளரட்டும், அதிலும் நல்ல பிழைப்பு இருக்கிறது. இந்தத் தீர்ப்பை அவனே சொல்ல வேண்டும். நீங்களோ பெரியப்பாவோ நானோ சொல்லக் கூடாது.

மேட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) அவன் எடுத்தது மேத்தமேட்டிக்ஸா, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா? பல பிள்ளைகளுக்குக் கதவு மூடுவது இங்கேதான். லிட்டரசி என்றால் எலாங்கேனி, தெக்வினி போன்ற டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகளில் கணிதமும் இன்ஜினியரிங் சயன்ஸும் படிக்க வழி கேளுங்கள். அங்கே என்1 முதல் என்3 வரையிலான தொழில்நுட்பப் படிப்புகளைப் படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள், அதனால் எது இன்னும் நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். மோட்டார் வேலையில் கழிந்த வருடங்கள் விமான அனுபவமாக எண்ணப்படும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 29, 30 வயதில் லைசென்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

ஹேங்கர்களுக்கு ஈமெயில் போட்டால் பதில் வருவது அபூர்வம். ரெட் சீல் நகலையும் ஒரே பக்க விவரத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் போகட்டும். வருடாந்தர லீவில் இரண்டு வாரம் வந்து நிற்கிறேன் என்று கேட்கட்டும். இருக்கும் வேலையை அதுவரை விடவே கூடாது. சேர்வதற்கு முன்னால் சிலவற்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒப்புதல் சான்றிதழில் எந்தெந்த விமானங்கள் இருக்கின்றன, லைசென்ஸ் உள்ளவர்கள் எத்தனை பேர், அப்ரென்டிஸ் ஒப்பந்தத்தை டீட்டாவில் (போக்குவரத்துத் துறைப் பயிற்சி ஆணையம்) பதிவு செய்வார்களா? லைசென்ஸ்காரர் ஒரே ஒருவர் என்றால் அவர் கிளம்பும் நாளில் வேலையும் நிற்கும். பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டாம், அப்ரென்டிஸுக்குச் சம்பளம் அவர்கள் தர வேண்டும்.

அந்தச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதற்குத் தயாராவதுதான் குடும்பம் செய்ய வேண்டிய உதவி. பக்கிக்கு (பிக்-அப் வண்டிக்கு) தவணை பாக்கி இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். ஆறு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். சனிக்கிழமைகளில் வீட்டில் கார் பார்த்துக் கிடைக்கும் பணம் தொடரட்டும், ஆனால் ஹேங்கர் கூப்பிடும் சனிக்கிழமையில் ஹேங்கருக்குத்தான் போக வேண்டும். டூல் பெட்டியில் மெட்ரிக் ஸ்பேனர்கள் நிறைய இருக்கும். செஸ்னாவுக்கும் பைப்பருக்கும் அங்குல அளவு வேண்டும், 1/4 முதல் 3/4 வரை நல்ல செட் ஒன்று, லாக் வயர் பிளையர், சின்ன ஆய்வுக் கண்ணாடி. முதல் வருடத்துக்கு இது போதும். டார்க் ரெஞ்ச் அளவு சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும், அதை ஹேங்கரே தரும்.

அப்ரென்டிஸ் முடிவில் ட்ரேட் டெஸ்ட் எழுதித் தேறினால் இன்னொரு ரெட் சீல் கிடைக்கும். அது லைசென்ஸ் ஆகாது. லைசென்ஸ் பரீட்சை தனி, அதைத் தருவது சிவில் ஏவியேஷன் ஆணையம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதலாவதோடு நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த வகை லைசென்ஸுக்கு என்னென்ன தாள் என்பதைப் பாகம் 66-இன் இப்போதைய பதிப்பில் அவனே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும், விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன.

சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அனுபவ லாக் புக் எழுத வேண்டும். தேதி, விமானத்தின் பதிவெழுத்து, செய்த வேலை, மேற்பார்த்த லைசென்ஸ்காரரின் எண், கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மூன்று வருடம் உழைத்து, ஹேங்கர் மூடிய பிறகு கையெழுத்துக்காக ஆளைத் தேடி அலைபவர்களின் அந்த மூன்று வருடமும் கணக்கில் ஏறுவதில்லை. நகல் ஒன்று வீட்டில் உங்கள் கையில் இருக்கட்டும் அம்மா. ஏர்போர்ட் அனுமதிக்குப் போலீஸ் கிளியரன்ஸ் கேட்பார்கள். அது வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் இந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.