மண் தின்னும் பையனும் கொல்லைக் கீரையும்

முடி கொட்டுவது, நகத்தில் வெள்ளைப் புள்ளி, கணவருக்கு முழங்கால் வலி, மாமியாருக்கு வாயுத்தொல்லை என்று வீட்டில் உள்ள எல்லா உபாதையையும், கீரை மண்ணிலிருந்து உலோக விஷத்தை இழுத்துவிடும் என்று பயமுறுத்தும் ஒரு வீடியோவை நம்பி, கொல்லையில் விளைந்த அரைக்கீரையின் தலையில் கட்டிவிட்டு, கடிதத்தின் கடைசியில் போனால் போகிறது என்பதுபோல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூன்று வயதுப் பையன் கொல்லையில் மண் எடுத்துத் தின்கிறான், அடித்தாலும் நிறுத்துவதில்லை, ஒரு மாதமாக மலச்சிக்கல் வேறு. அம்மா, நான் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் எழுதப் போகிறேன்.

மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நகத்து வெள்ளைப் புள்ளி எங்கேயோ இடித்துக்கொண்டதன் அடையாளம், வளர்ந்து வெளியே போய்விடும். முடிக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். முழங்கால் வலிக்குக் காரணம், நீங்களே எழுதியிருக்கும் 96 கிலோ. வாயுவுக்கு உலோகத்தோடு எந்த உறவும் கிடையாது.

நீங்கள் பார்த்த வீடியோவில் வரும் ஜப்பான் கதை உண்மைதான். தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்த அரிசியைப் பல ஆண்டுகள் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, லேசாக அசைந்தாலே முறியும் நிலை வந்தது. அந்த நோயின் பெயரே 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது வலிக்குது'. காட்மியம் என்ற நச்சு உலோகம்தான் காரணம் என்று 1968இல் அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் அது காட்மியம். செடி அதைத் துத்தநாகம் என்று ஏமாந்து உறிஞ்சி இலைக்கும் மணிக்கும் ஏற்றிவிடும், புளிப்பு மண்ணாக இருந்தால் இன்னும் தாராளமாக. உங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு இருந்தது பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் கொட்டகை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே மண்ணில் இறங்கியிருக்கக்கூடியது ஈயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் அந்த வீடியோ பயமுறுத்துகிறது.

ஈயத்துக்குச் செடிக்குள் ஏறத் தெரியாது என்றே சொல்லலாம். மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேர்வரை வந்தால் அங்கேயே நின்றுவிடும், தண்டுக்கும் இலைக்கும் போவது சொற்பம். அப்படியானால் கீரையில் ஈயம் எங்கிருந்து? வெளியிலிருந்து. ஒரு கட்டு அரைக்கீரையைப் பெரிய பேசினில் போட்டு அலசிவிட்டு, கீரையைத் தனியே எடுத்து, தண்ணீரை ஐந்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் பழுப்பாக ஒரு படலம் தங்கும், விரலால் தேய்த்தால் நறநறக்கும். கீரையோடு நீங்கள் சாப்பிட்டிருக்கக்கூடிய ஈயத்தில் பெரும்பங்கு அதுதான். ஆகவே 'என் கையாலேயே பிள்ளைக்கு விஷத்தை ஊட்டிவிட்டேனோ' என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை அதே மண்ணை நேராகவே அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறானே, கணக்கில் அதுதான் பெரிது.

பெரியவர்கள் குடலுக்குள் போன ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சின்னக் குழந்தை ஏறக்குறைய பாதியை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் குடலில் இரும்பு நுழையும் வாசல் வழியாகவே ஈயமும் நுழைகிறது. மண் தின்னும் குழந்தைக்குப் பெரும்பாலும் ரத்தசோகை இருக்கும், ரத்தசோகை இருந்தால் மண் ஆசை கூடும், மண்ணில் ஈயம் இருந்தால் ரத்தசோகை இன்னும் கூடும். அடித்து நிறுத்துகிற பழக்கம் இல்லை இது. மலச்சிக்கலுக்கு ஆயிரம் காரணம் உண்டு, ஈயமும் அதில் ஒன்று, ஆகவே இந்தக் கொல்லையில், இந்தப் பையனுக்கு, அதை விளக்கெண்ணெயோடு விட்டுவிட நான் தயாரில்லை.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய், நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள், கூடவே ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் கையில் ஒட்டிய மண்ணே எண்ணை ஏற்றிக் காட்டலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 45ஐத் தொட்டால் மருத்துவமனையில் மருந்து. நடுவில் இருந்தால், மண்ணை நிறுத்தி, இரும்புச்சத்தைச் சரிசெய்து, திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பதுதான் வைத்தியம். இரும்பு மருந்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டு பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள்.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. விடாமல் வாந்தி, எழுப்பினாலும் சொக்கிச் சொக்கி விழுவது, நடை தள்ளாடுவது, வலிப்பு: இதில் எது வந்தாலும், நடு ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரி. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைக் குழந்தை விட்டுவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், உடம்பிலிருந்து விஷத்தை எடுத்துவிடும் என்று விற்கும் அந்த 'டீடாக்ஸ்' கேப்சூல். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி, பாதியைப் பிரித்துப் பையனுக்கும் தேனில் குழைத்துக் கொடுத்தேன் என்று படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்றோடு நிறுத்துங்கள், ஆனால் டப்பாவை எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் உண்மையான மருந்துகள் உண்டு, அவை விளையாட்டுச் சாமான் இல்லை. 2005இல் அமெரிக்காவில் அந்த வகையில் ஒன்றுக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொன்றை ஏற்றியதில், ரத்தத்தில் கால்சியம் சரிந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருத்துவர்கள் கையிலேயே இந்த கதி. கொத்தமல்லிச் சாறு ஈயத்தை இழுக்கும் என்பதும் கதைதான், ரசத்தில் போடுங்கள். முடியை வெட்டி அனுப்பும் 'உலோக டெஸ்ட்' காசுக்குக் கேடு.

கொல்லைக்கு: மண்ணைச் சோதிக்கும்வரை கீரையும் முள்ளங்கியும் வேண்டாம், ஆசையாக இருந்தால் வெளிமண் வாங்கித் தொட்டியில் போடுங்கள். வெறும் தரை தெரியாமல் புல்லோ ஓடோ பரப்பிவிடுங்கள், செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள், வீட்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பிடும் முன் பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கை மரத்தை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்ட வேண்டாம், காயைக் கழுவிச் சாம்பாரில் போடுங்கள்.