பிரிவு உபசார விழாவில் 5 நிமிடப் பேச்சு

உங்கள் தலைமை ஆசிரியரின் பணி ஓய்வு விழாவுக்கு நாலு பக்கம் எழுதிவிட்டீர்கள், கிடைத்ததோ 5 நிமிடம், எதை வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த "அவர்களே" வரிசையை வெட்டுங்கள். மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்து முடிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும், கூட்டமும் கைபேசியை எடுத்துவிடும். "மேடையில் உள்ள பெரியோர்களுக்கும் அரங்கில் உள்ள அனைவருக்கும் வணக்கம்", அவ்வளவு போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அப்புறம் அவர் பிறந்த ஊர், படித்த பட்டம், பணியில் சேர்ந்த ஆண்டு எல்லாம் அழைப்பிதழிலோ தொகுப்பாளர் வாயிலோ வந்துவிடும், அதை விடுங்கள். நீங்கள் எழுதியதில் மழை நாளில் அவர் கடைசிப் பிள்ளை வீடு கிளம்பும் வரை வாசலிலேயே நின்றார் என்று ஒரு சம்பவம் இருக்கிறதே, அதுதான் உங்கள் பேச்சு! வணக்கம் சொன்ன கையோடு அதற்குள் போங்கள், அவசரப்படாமல் 3 நிமிடம் சொல்லுங்கள். 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் போர்வீரர் கல்லறைத் திறப்பு விழாவில் புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் 2 மணி நேரம் பேசினார், அடுத்து அதிபர் லிங்கன் பேசியது 3 நிமிடம்கூட இல்லை, இன்றும் நிற்பது லிங்கன் பேச்சுதான்.

முழுதாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனதில் இருக்கட்டும், நடுவுக்கு ஒரு சின்ன அட்டையில் நாலைந்து சொற்கள். வீட்டில் நின்றுகொண்டு, சத்தமாக, கைபேசியில் நேரம் வைத்துப் பேசிப் பாருங்கள், 4 நிமிடத்தில் முடிந்தால் சரி, மேடையில் கைதட்டலும் மைக் சரிசெய்வதும் மீதியை எடுத்துக்கொள்ளும்.