சமிந்த வாஸின் விக்கெட்டுகள்: கேள்வி – பதில்

இலங்கையின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாஸைப் பற்றி யாழ்ப்பாணத்தின் நாலு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள். கணக்கும் உத்தியும் கலந்துதான் கிடக்கும்.

கோண்டாவில்: அண்ணை, வாஸ் சர்வதேசப் போட்டிகளில மொத்தம் எத்தினை விக்கெட் எடுத்தவர்? ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு கணக்குக் கிடக்குது.

டெஸ்டில் 111 போட்டிகளில் 355, ஒருநாளில் 322 போட்டிகளில் 400, டி20யில் 6 போட்டிகளில் 6. ஆக 761. டெஸ்ட் விக்கெட்டுகள் முதல்தரப் போட்டிக் கணக்குக்குள்ளும் வரும். சிலர் இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள், அதனால்தான் எண் குழம்புகிறது. இலங்கைக்காக டெஸ்டில் அவருக்கு மேலே இருப்பவர்கள் முரளிதரன் (795), ஹேரத் (433). இருவரும் சுழல்பந்துக்காரர்கள்.

சாவகச்சேரி: சிம்பாப்வேக்கு எதிரா 19 ஓட்டத்துக்கு 8 விக்கெட் எடுத்ததுதானே அவற்றை பெரிய சாதனை?

பேர்போனது அதுதான். 2001 டிசம்பர் 8, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம். சிம்பாப்வே 38க்குள் சுருண்டது. முதல் எட்டு விக்கெட்டும் வாஸுக்கு, அதற்குள் ஒரு ஹட்ரிக்கும் (தொடர்ந்து மூன்று பந்தில் மூன்று விக்கெட்) உண்டு. மிச்ச இரண்டையும் முரளி வந்து எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் பத்தும் கிடைத்திருக்குமோ என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. ஆண்களின் ஒருநாள் போட்டியில் ஒரே ஆட்டத்தில் 8 விக்கெட் எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் என் தராசில் பாரம் கூடியது அதே மைதானத்தில் ஐந்து நாள் முன்னதாக முடிந்த டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 120க்கு 7, பிறகு 71க்கு 7. அவர்களின் பிரையன் லாரா ஒரு இனிங்ஸில் 221, மற்றதில் 130 அடித்த போட்டி அது. அந்த அடிக்கு நடுவிலும் மற்றப் பக்கத்தை வாஸ் உடைத்துக்கொண்டே இருந்தார். 14 விக்கெட், ஆட்டமும் இலங்கைக்கு. மூன்று டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் அவர் எடுத்தது 26. ஈரலிப்பான காலநிலையில் விக்கெட் விழுத்துவதும் கொழும்பு வெயிலில் விழுத்துவதும் ஒன்றல்ல.

மானிப்பாய்: வெளிநாட்டில?

1995 மார்ச், நேப்பியர். நியூசிலாந்துக்கு எதிராக 47க்கு 5, 43க்கு 5. இலங்கை வெளிநாட்டில் வென்ற முதலாவது டெஸ்ட் அதுதான். வாஸுக்கு அப்போது 21 வயது.

உரும்பிராய்: சேர், எனக்கு 16 வயது, இடக்கையாலை வேகப்பந்து போடுறனான். பந்து எல்லாம் ஸ்லிப் பக்கம்தான் போகுது. வாஸ் மாதிரி உள்ளுக்குக் கொண்டுவாறது எப்பிடி?

தம்பி, ஸ்லிப் (விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நிற்பவர்) பக்கம் போவது உம்முடைய பிழை இல்லை, கோணத்தின் வேலை. இடக்கையர் ஓவர் த விக்கெட்டில் (போடும் கை ஸ்டம்பை ஒட்டிவர) வந்து போடும்போது, பந்து கையை விட்டுப் புறப்படும் இடம் வலக்கைத் துடுப்பாட்டக்காரரின் லெக் பக்கம் (அவருடைய கால் பக்கம்; மற்றப் பக்கம் ஓஃப்). அங்கிருந்து நடு ஸ்டம்ப் நேரில் குத்தும் பந்து திரும்பாமல் போனால் ஓஃப் ஸ்டம்பைத் தாண்டிவிடும். திரும்பாத பந்து ஸ்டம்பில் படவேண்டுமென்றால் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தவேண்டும். அங்கே குத்தினால் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்து ஆட்டமிழப்பது) கிடையாது. அதாவது, சுவிங் (பந்து காற்றில் வளைவது) இல்லாத இடக்கையருக்கு எல்பிடபிள்யூ கதவு ஏறக்குறையப் பூட்டுத்தான். வாஸ் திறந்தது அந்தக் கதவை.

சீமை (பந்தின் தையல் விளிம்பை) நிமிர்த்திப் பிடியும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் இரு பக்கத்திலும் ஒட்டினாற்போல, கட்டைவிரல் ஓரம் கீழே. உள்ளங்கையில் பந்து முட்டக்கூடாது. சீமின் முனை ஃபைன் லெக் பக்கம் சாடையாகத் திரும்பியிருக்கட்டும், பளபளப்பான பக்கம் ஓஃப் பக்கத்தைப் பார்க்கட்டும். பந்து ஓஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே தொடங்கி, ஸ்டம்பிலிருந்து 4 முதல் 6 மீற்றருக்குள் குத்தவேண்டும். 8 மீற்றரில் குத்தினால், பந்து வளையத் தொடங்கும்போதே நிலத்தில் விழுந்துவிடும். பிறகு எழும்பி ஸ்டம்புக்கு மேலால் போகும்.

பெரும்பாலும் பிழைக்கிற இடம் மணிக்கட்டு. பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் அது பக்கவாட்டில் சரிந்தால் சீம் தள்ளாடும், சுவிங் செத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய பந்தொன்றில் சீமின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளைப் பெயின்ற் அடித்துக் காயவையும். 15 மீற்றர் தூரத்தில் ஒருவரை நிறுத்தி மெதுவாகப் போடும். சிவப்பும் வெள்ளையும் பிரிந்து தெரிந்தால் மணிக்கட்டு சரி. இரண்டும் கலந்து ரோசா நிறமாகத் தெரிந்தால் சரிகிறது என்று அர்த்தம். சரி வரும்வரை வேகத்தைக் கூட்டவேண்டாம். அடுத்தது வலக்கை: அது முந்தி விழுந்தால் தோள் திறந்து பந்தின் திசை தவறும், நாலு ஓட்டம் போகும்.

பருத்தித்துறை: உள்ளுக்கு வாற பந்து மட்டும் காணுமோ அண்ணை?

காணாது. 2003 பெப்ரவரி 14, உலகக் கிண்ணம், பீற்றர்மரிட்ஸ்பேர்க், பங்களாதேஷ். ஆட்டத்தின் முதல் மூன்று பந்திலும் மூன்று விக்கெட். ஹன்னான் சர்கார் போல்ட். அஷ்ரஃபுல் வாஸின் கையிலேயே பிடி. எஹ்சானுல் ஹக் ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தனவிடம் பிடி. ஐந்தாவது பந்தில் சன்வர் ஹொசைன் எல்பிடபிள்யூ. ஒரே ஓவரில் நாலு பேர் நாலு விதமாகப் போனார்கள். உள்ளே வருமென்று பயந்து நிற்பவனுக்கு, கோணத்தோடு வெளியே போகும் சாதாரணப் பந்தே நஞ்சு. முதலில் பயத்தைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அன்று 25க்கு 6. அந்த உலகக் கிண்ணத்தில் 23 விக்கெட்டோடு முதலிடமும் அவருக்கே.

வட்டுக்கோட்டை: வாஸா மாலிங்கவா, ஒரு முடிவு சொல்லுங்கோ. வீட்டில சண்டை.

ஒருநாளில் லசித் மாலிங்க (அவரும் இலங்கை வேகப்பந்துக்காரர்தான்) 338 விக்கெட், 32.3 பந்துக்கு ஒன்று, ஓவருக்கு 5.35 ஓட்டம். வாஸ் 400 விக்கெட், 39.4 பந்துக்கு ஒன்று, ஓவருக்கு 4.18. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் பார்த்தால் வாஸ் 27.53, மாலிங்க 28.87. ஏறக்குறைய ஒன்றுதான். மாலிங்க வேகமாக விழுத்தினார், கூடக் கொடுத்தார். ஆனால் அவர் அதிகம் போட்டது கடைசி ஓவர்களில், வாஸ் புதுப்பந்தில். 5.35ஐக் காட்டி மாலிங்கவைக் குறைசொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். புதுப்பந்து வாஸிடம், 45ஆவது ஓவர் மாலிங்கவிடம். சண்டையை இப்படி முடியுங்கோ.

நல்லூர்: மாலிங்க தென்னாபிரிக்காவுக்கு எதிரா நாலு பந்தில நாலு எடுத்தது இரண்டு ஓவரில தானே? அது எப்பிடி ஹட்ரிக்?

பந்துவீச்சாளரின் தொடர்ச்சியான பந்துகள்தான் கணக்கு, ஓவர் அல்ல. 2007 மார்ச் 28, கயானா: 45ஆவது ஓவரின் கடைசி இரண்டு பந்தில் பொலொக், ஹோல். 47ஆவது ஓவரின் முதல் இரண்டில் கலிஸ், என்டினி. இடையில் வேறொருவர் போட்ட ஓவர் குறுக்கே வராது. அவ்வளவு செய்தும் தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டால் வென்றுவிட்டது.

கொக்குவில்: பள்ளிக்கூட மட்ச்சுக்கு ஸ்கோர் எழுதுறனான். ரன் அவுட் பந்துவீச்சாளற்றை கணக்கில சேருமோ?

சேராது, தங்கச்சி. போல்ட், பிடி, எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் மட்டும் சேரும். ஓட்டக் கணக்கில் வைட்டும் நோபோலும் பந்துவீச்சாளர் தலையில், துடுப்பில் படாமல் ஓடி எடுக்கும் பையும் லெக்பையும் இல்லை.

சுன்னாகம்: மென்பந்துக்கு ரேப் சுத்தினா சுவிங் வருமோ?

பாதிப் பந்துக்கு மட்டும் ரேப் (ஒட்டுநாடா) சுற்றினால் வரும். பொதுவாக ரேப் இல்லாத, மயிருள்ள பக்கத்துக்கு வளையும். முழுப்பந்துக்கும் சுற்றினால் பாரமும் வேகமும் கூடும், பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இராது.

வல்வெட்டித்துறை: எங்கட கிறவுண்டில மற்றிங்தான். வாஸ் போட்ட மாதிரிப் போட்டால் பந்து ஸ்டம்புக்கு மேலால போகுது.

மற்றிங்கில் (ஆடுகளத்தில் விரித்த பாயில்) பந்து கூட எழும்பும். அதனால் இன்னும் ஒரு மீற்றர் துடுப்பாட்டக்காரர் பக்கமாகக் குத்துங்கோ. விரிப்பைத் தளர்வாகக் கட்டினால் ஒரு பந்து எழும்பும், அடுத்தது தாழும். போட முதல் ஆணிகளை ஒருக்கால் இழுத்துப் பார்க்கவேண்டும். கரடுமுரடான வெளிமைதானத்தில் பளபளப்பு ஏழெட்டு ஓவருக்கு மேல் நிற்காது. பிறகு வாஸ் பிற்காலத்தில் செய்ததைச் செய்யலாம்: பந்தை விடும்போது ஆட்காட்டி விரலைச் சீமின் மேலால் கீழிழுத்து வெட்டுவது. வேகம் குறைந்து, வலக்கையரை விட்டு வெளியே போகும். புல் ஆடுகளத்தைவிட மற்றிங்கில் அந்தப் பந்து நன்றாகவே பிடிக்கும். ஸ்லிப்புக்கு ஒருவரை நிறுத்தாமல் மட்டும் அதைப் போடவேண்டாம்.