எலுமிச்சைச் சாறு உள்ளே போனதும் காரமாகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 42. சில மாதங்களாகக் காலையில் வெந்நீரில் எலுமிச்சைச் சாறு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன். குடித்ததும் பல் துலக்குவேன். புளித்தாலும் உடலுக்குள் போனதும் அது காரமாகி, ரத்தத்தில் உள்ள அமிலத்தைக் குறைக்கும் என்கிறார்கள். இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. சாற்றை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் குடிக்கும் முறையை இன்றே மாற்றுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் அரிக்கப்படுவதுபோல் தெரிகிறது.

அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 முதல் 2.6 வரை. எனாமலோ ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் வலுக்குறைந்த அமிலம். அதனால் பத்து மடங்கு நீர்த்தாலும் பிஎச் அரை எண் அளவுக்குத்தான் ஏறும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சாறு விட்டாலும் அது 3-ஐ ஒட்டியே நிற்கும். ஆனாலும் மொத்த அமிலம் குறைவதால், உமிழ்நீர் அதைச் சீக்கிரம் சமன்செய்துவிடும். ஆகவே நீர்த்துக் குடிப்பதே நல்லது. தேனும் சர்க்கரையும் புளிப்பை மறைக்குமே தவிர அமிலத்தைக் குறைக்காது. அதோடு சொத்தைக்கும் வழி செய்யும்.

காரமாகும் என்பது பாதி உண்மை. சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவமான சிட்ரேட் உடலில் எரிந்து, பைகார்பனேட் என்ற காரப்பொருளாக மாறும். சிறுநீரகம் அதை வெளியேற்றும்போது சிறுநீரின் பிஎச் சற்று உயரும். ரத்தத்தின் பிஎச் மாறாது. நுரையீரலும் சிறுநீரகமும் அதை எப்போதும் 7.35 முதல் 7.45-க்குள் பிடித்து வைத்திருக்கின்றன. மாறினால் அது ஆபத்தான நோயின் அறிகுறி. சாற்றின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: சிறுநீரில் சிட்ரேட் கூடினால் சிறுநீரகத்தில் கால்சியம் கற்கள் உருவாவது குறையும்.

இனி, பல் துலக்கிவிட்டுச் சாறு குடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சாமல் ஒரே தடவையில், முடிந்தால் உறிஞ்சுகுழலால் குடித்து முடியுங்கள். உடனே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். அதன்பிறகு ஒரு மணி நேரம் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தால் அது அப்படியே கழன்று வரும். உங்கள் பல் கூச்சத்துக்கு முக்கியமான காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பற்பசை போதும். போன எனாமல் மீண்டும் வளராது. எனவே பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சிலர் சாற்றில் சமையல் சோடா கலக்கிறார்கள். அமிலம் குறையும், ஆனால் சோடியம் ஏறும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது. நெஞ்செரிச்சல் இருந்தால் வெறும் வயிற்றிலும் படுக்கும் முன்பும் சாற்றைத் தவிருங்கள். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், சாற்றில் பொட்டாசியம் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.