சுங்கை சிப்புட் அண்ணனுக்கு: பட்டமில்லாத பிள்ளைக்கும் வழி உண்டு

அண்ணே, மகன் வெல்டிங்கில் எஸ்கேஎம் 3 (மலேசியத் திறன் சான்றிதழ், மூன்றாம் நிலை) முடித்துவிட்டான், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பக்கம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கலாம், ஆனால் வாசல் வேறு. பேராக்கின் ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997-இல் தொடங்கிய பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆய்வாளர் ஆக பட்டம் வேண்டும். சரி, அவர்களுக்குச் சோதனைக் கலனைச் செய்து தருவது யார்? கரியமில வாயுவை நிலத்தடியில் அடைக்கும் சோதனைகளில் அழுத்தம் 74 பாரைத் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஈரம் சேர்ந்தால் அந்த வாயு சாதாரண எஃகை அரித்துவிடும். தடித்த ஸ்டெயின்லெஸ் கலனும் கசியாத குழாயும் வேண்டும். அது பட்டறைக்காரன் வேலை.

டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு செய்யும் பற்றவைப்பு) 6ஜி தேர்வு எடுக்கட்டும். அதில் குழாய் 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும், இவன்தான் சுற்றி வளைய வேண்டும். (என் தம்பி இரண்டு தடவை கோட்டைவிட்டான்.) அதுவரை பக்கத்துச் செம்பனை ஆலையில் கொதிகலன் பழுதுபார்க்கும் ஆட்களோடு ஒட்டிக்கொள்ளட்டும்.